இரண்டாவது ஓட்டை

போன தை மாதம் எங்கள் வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்ட இரண்டு பேர் வந்தார்கள். என் மகன் ஏற்பாடு செய்திருந்தான். அதில் ஒருவர் மாடியில் கிடத்தியிருந்த இரும்புச் சட்டத்தின் மேல் தன் செல்போனை வைத்துப் பார்த்துவிட்டு, "தெற்கு இந்தப் பக்கம்" என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். கோடு எங்கள் தெரு வேப்பமரத்தை நோக்கிப் போனது. அந்த வேப்பமரம் எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அது தென்கிழக்கில் இருக்கிறது.

எனக்கு யாரிடமும் வலிய போய்ப் பேச வராது. துணி உலர்த்துவது போல் இரண்டு தடவை குறுக்கே நடந்தேன். பிறகு, "போனை இரும்பிலிருந்து தள்ளி வைத்து ஒருமுறை பாருங்கப்பா" என்றேன். அவர் எடுத்துக்கொண்டு நாலு அடி தள்ளிப் போனார். திரையில் முள் சரசரவென்று திரும்பியது.

"எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?"

நானும் ஒரு காலத்தில் இதே தவறைச் செய்தவன் என்று சொல்லியிருக்கலாம். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். எங்கள் ஓய்வூதியர் மடலில் ஆளாளுக்கு வேலை அனுபவம் எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அங்கே வாயால் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மானாம்பதி. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. உத்திரமேரூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சில வருடம் இருந்தேன். எண்பதுகளின் நடுவில், மின்கம்பம் போகாத குடியிருப்புகளுக்குச் சூரிய விளக்கு வைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டம் ஒன்று வந்தது. அதற்கு உதவியாளர் தேவை என்றார்கள். சேர்ந்தேன். சென்னையில் மூன்று வாரம் பயிற்சி. பாடம் நடத்தியவர் இங்கிலீஷில் பேசினார். எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: தெற்கு பார்த்து வை, கொஞ்சம் சாய்த்து வை.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கற்றுக்கொண்டது எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ.யிடம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், ஆனால் பேச்சு அறுபது வயதுக்காரர் மாதிரி. திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். தப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. "இன்னொருக்கா பாத்துருங்க" என்பார். அதைக் கேட்டாலே எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மாட்டத் தொடங்குவோம்.

சாய்வை அளக்க அவர் வைத்திருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் பாகைமானி. அதை ஒரு மரச் சட்டத்தில் ஆணி அடித்து, நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டிருந்தார். சட்டத்தைப் பேனலின் மேல் வைத்தால் நூல் எத்தனையில் நிற்கிறதோ அத்தனை டிகிரி. நம் ஊருக்குப் பதின்மூன்று போதும். அவர் பதினைந்து வைக்கச் சொல்வார். "அந்த ரெண்டு டிகிரி மழைக்குங்க. தூசி கழுவிட்டுப் போகும்" என்பார். நூல் காற்றில் ஆடினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

தெற்கு என்றாலே அப்போது தகராறுதான். மானாம்பதிக்கு அந்தப் பக்கம் தோப்பு வீடு ஒன்று. வீட்டுக்காரர் வயதானவர், எல்லாரையும் நைனா என்பார். பேனல் தெற்கே பார்ப்பதைக் கண்டதும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, எமன் திக்கு பாத்து வெக்கிறீங்க? நல்ல காரியமா இது? கியக்க திருப்பு."

ஜே.இ. பொறுமையாகச் சொன்னார். "தெற்கே தலை வெச்சுப் படுத்தா ஆயுசுன்னு சொல்லுவாங்கல்லங்க? இதுவும் படுத்துத்தானுங்க இருக்குது."

கிழவர் பேனலை அண்ணாந்து பார்த்தார். தெற்கு விளிம்பு தாழ்ந்தும் வடக்கு விளிம்பு உயர்ந்தும் இருந்தது. "ஒசந்து கீறதுதான தலை? தலை வடக்க கீதே நைனா! இன்னும் மோசம்!"

ஜே.இ.யும் பேனலை அண்ணாந்து பார்த்தார். "தலகாணி கீழ நழுவிப் போச்சுங்க. தூக்கத்துல யாருக்குத்தான் நழுவலை?" என்றார். கிழவர் சிரித்துவிட்டார். ஏணியும் விடுதலை ஆனது.

இப்போது சொல்ல வந்த வீட்டுக்கு வருகிறேன்.

சாலவாக்கத்திலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், ஏரிக்கரைக்கு அப்பால் இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. பதினைந்து இருபது குடிசைகள். அதை ஒட்டி ஓட்டு வீடு ஒன்றில் கிராம நர்ஸ் ஒருவர் தங்கியிருந்தார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பெயரை எழுதவில்லை, இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாரும் நர்சம்மா என்றார்கள், நானும் அப்படியே. குடிசைகளில் விளக்கு வசதி இல்லாததால் பிரசவத்துக்கு அந்தப் பெண்கள் நர்சம்மா வீட்டுக்குத்தான் வருவார்கள். அங்கேயும் அரிக்கேன் விளக்குதான். அதனால் எங்கள் பட்டியலில் அந்த வீடு முதலில் இருந்தது. ஒரு பேனல், ஒரு பேட்டரி, இரண்டு சின்ன டியூப் லைட்.

கார்த்திகை அடைமழையில் நான் தனியாகப் போய் மாட்டினேன். மூன்று நாளாக வானத்தில் சூரியனே இல்லை. தரையெல்லாம் சேறு. காம்பஸ் வைக்க மட்டமான இடம் தேடி, நடுவதற்காகக் கிடத்தியிருந்த இரும்புக் குழாயின் மேலேயே வைத்துப் பார்த்தேன். முள் காட்டிய பக்கத்தை வடக்கு என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு எதிர்ப்பக்கம் மரம் மட்டை இல்லாத இடமாகப் பார்த்துக் கம்பத்தை நட்டேன்.

குடியிருப்பிலிருந்து கன்னியம்மா என்று ஒரு அம்மா தலையில் கோணிப்பை போட்டுக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். நர்சம்மாவுக்குப் பிரசவங்களில் கூட இருந்து ஒத்தாசை செய்பவர்.

"தெக்கு இந்தாண்ட இல்ல? நீ இன்னா அந்தாண்ட பாத்து வெக்கிற?"

"கருவி காட்டுதும்மா" என்றேன்.

"கருவி காட்டுதா? அப்போ ஏரிதான் எடம் மாறிகீது போல."

நான் போல்ட்டை முடுக்கினேன். பயிற்சி எடுத்தவன், கருவி வைத்திருப்பவன் என்ற நினைப்பு இருந்தது.

மார்கழி முழுக்க அந்த வீட்டு விளக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியவில்லை. கன்னியம்மாவின் மகள் ஏழாவது மாதம். தலைப்பிரசவம், அதுவும் அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். நர்சம்மா ஆபீசுக்கு ஒரு கார்டு எழுதினார். அதில் என்மேல் புகார் எதுவும் இல்லை. 'விளக்கு நன்றாக இருக்கிறது, சீக்கிரம் தூங்கிவிடுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். ஜே.இ. அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "இன்னொருக்கா பாத்துருங்க. நானும் வாரனுங்க" என்றார்.

தை பிறந்த வாரம் காலையில் போனோம். நல்ல வெயில். பத்து மணிக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வேலிக்கு அப்பால் நின்ற புளியமரத்தின் நிழல் நகர்ந்து வந்து பேனலின் மேல் ஏறியது. பேனலில் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே மொத்தமும் சோர்ந்துவிடும். இங்கே பாதிப் பேனல் நிழலில் கிடந்தது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். நான் தெற்கு என்று நினைத்தது தென்மேற்குக்கும் அப்பால். மரம் மட்டை இல்லை என்று பார்த்த பக்கத்தில் சூரியன் மத்தியானத்துக்குமேல்தான் வரும். உண்மையான தெற்கில் புளியமரம் நின்றது.

ஜே.இ. என் காம்பஸை வாங்கிக் கம்பத்தின் பக்கத்தில் பிடித்தார். பிறகு பத்தடி தள்ளிப் பிடித்தார். இரண்டு இடத்திலும் முள் வேறு வேறு பக்கம் காட்டியது. என்னைப் பார்க்கவில்லை. காம்பஸை மூடி என் சட்டைப் பையிலேயே போட்டார். எனக்கு அந்தக் கம்பத்தின் குழிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னன் சார்" என்றார் கன்னியம்மா. "வெயில் எந்தாண்ட வருதுன்னு பாக்கறதுக்கு இன்னாத்துக்கு டப்பா? கண்ணு கீது இல்ல?"

"அம்மா சொல்றது வாஸ்தவமுங்க. நிழல்லயே பாத்துருவோங்க" என்றார் ஜே.இ.

வாசலில் தரையை மட்டம் செய்து ஒரு சவுக்குக் குச்சியை நட்டோம். இரண்டடி உயரம். நூலில் குண்டு கட்டி நாலு பக்கமும் பார்த்து நேராக நிறுத்தினார். குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் கீறினார். காலையில் குச்சியின் நிழல் நீளமாக இருக்கும். சூரியன் ஏற ஏறக் குறுகி, நுனி வட்டத்துக்குள் நுழையும். நுழைகிற இடத்தில் ஒரு குறி. பிற்பகலில் மறுபடி நீண்டு வட்டத்தைத் தாண்டும். தாண்டுகிற இடத்தில் இன்னொரு குறி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் தெற்கு. இதற்கு இரும்பும் தடை இல்லை, மழை மட்டும்தான் தடை.

முதல் குறிக்கும் இரண்டாவது குறிக்கும் நடுவே ஏறக்குறைய நாலு மணி நேரம். குச்சியைக் கோழி தட்டிவிடாமல் காவல் இருக்க வேண்டும். ஜே.இ. ஜீப்பில் போய்ச் சாலவாக்கத்தில் வேறு வேலை பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

அன்று கைக்குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். நர்சம்மா அதே புளியமரத்துக் கிளையில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூளியில் போட்டு எடை பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையும் அலறியது. எடை எழுதும் அட்டையை என்னிடம் கொடுத்து, "சும்மாதான குந்திகினு கீறீங்க, எழுதுங்க லைட்டுக்காரரே" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்து என்னிடம் இருந்த ஒரே அழகு அதுதான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஒன்று கவனித்தேன். அவர் பஸ் கண்டக்டரை அண்ணே என்பார். ஜீப் டிரைவரை அண்ணே என்பார். தண்ணீர் கொண்டுவருபவர், தபால்காரர் எல்லாரும் அண்ணே. என்னை மட்டும் லைட்டுக்காரரே. அன்று மட்டுமல்ல, கடைசி வரைக்கும். ஒருவேளை என் பெயர் ஏகாம்பரம் என்பது தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்து ஒருமுறை சொன்னேன். "தெரியும்" என்றார். மறுபடியும் லைட்டுக்காரரே என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டரை மணிக்கு நிழல் வட்டத்தைத் தாண்டியது. ஜே.இ. வந்து கோடு போட்டார். மறுநாள் கம்பத்தைப் பிடுங்கி, புளியமர நிழல் எட்டாத வடமேற்கு மூலையில் நட்டு, தெற்கு பார்த்துத் திருப்பி, பதினைந்து டிகிரியில் போல்ட் முடுக்கினோம். அந்த வாரத்திலிருந்து விளக்கு எட்டரை, ஒன்பது வரை நின்றது. பங்குனியில் கன்னியம்மாவுக்குப் பேத்தி பிறந்தது, அந்த டியூப் லைட்டின் கீழே. கன்னியம்மா எனக்கு ஒரு பாட்டில் தேன் அனுப்பி, "கருவிக்காரனுக்குக் குடு" என்று சொல்லிவிட்டிருந்தார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவும் பேனலைத் துடைக்கவும் நர்சம்மாவே கற்றுக்கொண்டார். அதுதான் எனக்குப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஜே.இ. ஒருமுறை ஜீப்பில் சொல்லிக்கொண்டு வந்தது ஞாபகம் இருந்தது. நம் ஊரில் சித்திரை பத்து வாக்கில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நடு மத்தியானத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். ஆவணி பிறந்ததும் திரும்பி வரும்போது மறுபடி ஒரு நாள் நிழல் இருக்காது. "அந்த நாலு மாசமும் பேனலை மட்டமா வெச்சா இன்னும் கொஞ்சம் கிடைக்குமுங்க. ஆனா அப்பத்தான் பகல் நீளமாச்சே. அதுக்குப் போயி யாருங்க வருசத்துக்கு ரெண்டு தடவை ஏணி ஏறுவாங்க? மார்கழிக்குச் சரியா இருந்தா வருசத்துக்கே போதும்" என்றார்.

யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பங்குனி கடைசியில் கை டிரில்லை எடுத்துக்கொண்டு போய் அந்த ஸ்டாண்டின் காலில் இரண்டாவது ஓட்டை போட்டேன். அதில் போல்ட்டை மாற்றினால் பேனல் ஏறக்குறைய மட்டமாகப் படுக்கும். நர்சம்மாவிடம், "வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்தணும். சித்திரையில ஒரு தடவை, ஆவணியில ஒரு தடவை. நான் வந்து மாத்திட்டுப் போறேன்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஒரு பெண்ணிடம் நான் பேசியதில்லை.

"மத்த வூட்டுக்கெல்லாம்?"

"இந்த வூட்டுக்கு வேணும்" என்றேன்.

அவர் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

ஜே.இ. நட்ட சவுக்குக் குச்சியை நர்சம்மா பிடுங்கவில்லை. நிழல் வடக்குக் கோட்டைத் தொட்டால் மத்தியானம் என்று அதையே கடிகாரமாக வைத்திருந்தார். சித்திரையில் நான் போன நாள் அந்தக் குச்சியைச் சுற்றி நாங்கள் நின்றோம். நிழல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் குச்சிக்குள்ளேயே போய்விட்டது. நர்சம்மா தன் காலடியைப் பார்த்தார்.

"என் நெயலும் காணமே, லைட்டுக்காரரே."

"காலுக்கு அடியில இருக்கு" என்றேன்.

"உங்களுது?"

"அதுவும்."

கன்னியம்மா குடிசை வாசலிலிருந்து கத்தினார். "உச்சி வெயில்ல ரெண்டு பேரும் இன்னாத்த தேடிகினு கீறீங்க? காசு கீசு வியுந்துட்ச்சா?"

பேனலை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் செய்தேன். நட்டைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். இறங்கி வந்து மோர் குடித்தேன். இப்படி வருடத்துக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் அந்த இரண்டு நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் காலண்டரில் சித்திரை பத்தையும் ஆவணி இரண்டையும் பென்சிலால் லேசாகச் சுழித்து வைப்பேன், யாராவது கேட்டால் அழித்துவிடலாம் என்று.

முதல் வருடம் ஆடியில் ஜே.இ. ஆய்வுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். ஏணியில் ஏறிப் பாகைமானியை வைத்தார். நூல் பதினைந்தில் நிற்கவில்லை. ஓட்டையைப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். கீழே நின்றிருந்த நர்சம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. இறங்கி, பதிவேட்டில் 'சாய்வு சரி' என்று எழுதினார்.

ஜீப் ஏரிக்கரை ஏறிய பிறகு கேட்டார். "அந்த ரெண்டாவது ஓட்டை, ஸ்டோர்ல இருந்து வந்ததுங்களா?"

"இல்ல சார்."

"எட்டு எம்.எம்.முங்களா?"

"ஆமா சார்."

கொஞ்ச தூரம் போனோம். "வெறுமனே உட்டா துரு ஏறுமுங்க. ரெட் ஆக்சைடு பூசி வையுங்க" என்றார். இன்னொருக்கா பாத்துருங்க என்று சொல்லவில்லை.

இப்படி மூன்று வருடம். ஐந்து முறை ஏறினேன். ஒவ்வொரு முறையும் போகும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போவேன். அந்த வாக்கியம் மோரோடு உள்ளே போய்விடும். ஐந்தாம் முறை அவர் கேட்டார்: "ஆவணில வருவீங்க இல்ல? ரெண்டாந்தேதிதான?" ரெண்டாந்தேதிதான் என்றேன். அந்த ஆவணியில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான்கு மாதம் ஒத்திகை பார்த்தேன்.

ஆவணி இரண்டு. உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் போனேன். புதுச் சட்டை. பதினொன்றரைக்கு வேலிக்கு வெளியே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். பேனல் ஏற்கெனவே தெற்கே சாய்ந்திருந்தது. முதல் ஓட்டையில் போல்ட் ஏறியிருந்தது. காலியாக இருந்த என் ஓட்டையின் மேல், குளவி கூடு கட்டாமல் இருக்க, வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டுவார்களே, அது.

நர்சம்மா வாசலுக்கு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது நான் பிளாஸ்திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலைலயே நானே ஏறி மாத்திட்டேன். சரியா கீதா பாருங்க."

"சரியா இருக்கு."

"அப்போ உங்களுக்கு மேல வேல ஒண்ணும் இல்ல இல்ல?"

அந்த வார்த்தையை எந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான்: இனிமேல் வர வேண்டாம் என்கிறார். வருவதற்கு இருந்த ஒரே காரணத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

"இல்ல. நான் வரேன்" என்றேன்.

"குந்துங்களேன். இப்பத்தான வந்தீங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்றார். குச்சிக்கு நிழல் இல்லாமல் போக இன்னும் அரை மணி இருந்தது. நான் ஏரிக்கரை வரை திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.

அடுத்த சித்திரையில் மனசு கேட்காமல் போனேன். வேறு நர்ஸ் இருந்தார், வயதானவர். "என்ன தம்பி?" என்றார். சவுக்குக் குச்சி இல்லை. பேனல் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது கன்னியம்மா பாதையில் பிடித்துக்கொண்டார். இடுப்பில் அந்தப் பேத்தி.

"வா கருவிக்காரா. அந்தம்மா ஆவணியிலயே மாத்தலாயி பூட்ச்சி, தெரியுமா? அவங்க ஊராண்ட. தையில கண்ணாலமும் ஆயிட்ச்சாம்."

நான் தலையசைத்தேன்.

"நீ கடேசியா வந்த அன்னிக்கு, ஆர்டரு கைல வெச்சிகினு குந்தியிருந்திச்சி. வெடிகாலைல என்னிய ஏணி புடிக்க சொல்லி ஏறி அதத் திருப்பிட்ச்சி. ஏன்மா, அந்த ஆளுதான் வருமேன்னன். 'வந்தா அவுரு மேலயே நின்னுகினு கீறாரு கன்னிமா, இன்னிக்காவது கீய குந்தட்டும்'னு சொல்லிச்சி. கறி ஆக்கிச்சி. ரெண்டு எல போட்டு வெச்சிகினு கீது. நீ இன்னாடான்னா சைக்கிள்ல வந்துட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சின்னியாமே!"

பேத்தி என் சட்டைப் பையிலிருந்த காம்பஸைப் பிடித்து இழுத்தது. கொடுத்தேன். மூடியைத் திறந்து முள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தது.

"எல்லாத்தியும் எதிர்ப்பக்கமா பாக்கற ஆளு நீ" என்றார் கன்னியம்மா. அவர் குரலில் அன்று கேலி இல்லை.

அதற்கு அடுத்த வருடம் அங்கே மின்கம்பம் வந்தது. பேனலைக் கழற்றும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். ஸ்டாண்டைக் கீழே இறக்கியபோது பிளாஸ்திரி வெயிலிலும் மழையிலும் பழுத்து, ஆனாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஸ்டோரில் ஒப்படைத்தேன். ஜே.இ. அதற்கு முன்பே மாற்றலாகிக் கோவைக்குப் போய்விட்டார். திட்டமும் முடிந்தது, நான் வேறு பிரிவுக்குப் போய் முப்பது வருடம் மீட்டர், லைன் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதில் எழுத ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் என் மனைவியிடம் கல்யாணமான முதல் வருடமே சொல்லிவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கறிய யாரு துன்னாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "பாவம் அந்தப் பொண்ணு" என்றாள். இன்றுவரை நான் எங்காவது சொல்லாமல் நழுவப் பார்த்தால், "இன்னா, பஸ்ஸுக்கு நேரமாய்ட்ச்சா?" என்பாள்.

அன்று மாடிக்கு வந்த இளைஞர்கள் கோட்டைத் திருத்திப் போட்டுவிட்டுச் சாய்வைப் பற்றிக் கேட்டார்கள். நிலையான சட்டம் போதும், நம்ம ஊருக்கு மாற்றும் சட்டம் தேவையே இல்லை, யார் அங்கிள் வருஷத்துக்கு ரெண்டு தடவை மேலே ஏறுவாங்க என்றார்கள். எனக்குத் தெரியும் என்றேன். இருந்தாலும் இரண்டு ஓட்டை போடச் சொன்னேன்.

இந்த ஆவணியில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். போல்ட்டை மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. துணிக்கொடிக் கம்பத்தின் நிழல் சுருங்கிக்கொண்டிருந்தது. கடைசி விரற்கடையும் கம்பத்துக்குள் போனது. குனிந்து பார்த்தேன், எனக்கும் இல்லை. வந்தவாசிப் பக்கத்திலும் இந்நேரம் யாருக்கும் நிழல் இருக்காது. அங்கே அவர் காலடியைப் பார்ப்பாரா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"வேல முடிஞ்சிட்ச்சின்னா எறங்கி வாங்க. எல போட்டாச்சி" என்று கீழேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

நிழல் கம்பத்தின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை நின்றுவிட்டு, இறங்கிப் போய் உட்கார்ந்தேன்.